இடது கண்ணோரம், வலது கண்ணோரம்

வீட்டிலிருந்து அறிவியலை ஒழித்துக் கட்டுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

காரணம் என் மனைவி. மருந்துக்கடையில் வேலை. அன்று குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு குப்பிகளோடு அரை மணி நேரமாக நின்றாள். ஒன்றில் நீலத் திரவம். இன்னொன்று பார்க்கத் தண்ணீர் மாதிரி. வெளியே பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நான்.

"என்னது அது?"

"பெப்டைடு. தோல் சுருக்கத்துக்கு."

"பெப்-டைட்டா? பூசினா மூஞ்சி டைட்டாயிடுமா?"

"புரதத்தோட குட்டித் துண்டுங்க. நீலத்துல செம்பு இருக்கு, தோலைப் புதுப்பிக்குமாம். இது தசையைத் தளர்த்துமாம். எது நிஜம்னு பார்த்துடலாம். இடது கண்ணோரம் நீலம், வலது கண்ணோரம் இது. எட்டு வாரம்."

எட்டு வாரமா! தினம் இப்படித் தாமதமானால் அதற்குள் என் வேலை போய்விடும். சோதனை சீக்கிரம் தோற்றால் கண்ணாடி எனக்கு.

அவள் கடைக்குக் கிளம்பியதும் தண்ணீர் மாதிரி இருந்ததைக் கொட்டிவிட்டுக் கிளிசரினும் நீரும் கலந்து ஊற்றினேன். நீலத்தைத் தொடவில்லை. நீலத்துக்குப் பதில் ஊற்ற வீட்டில் பேனா மைதான் இருந்தது. கட்டிய மனைவி முகத்தில் மை பூசுகிறவன் இல்லை நான்.

அவள் அசரவில்லை. ஞாயிறுதோறும் அதே ஜன்னல், அதே வெளிச்சம், ஒரு புகைப்படம், நோட்டில் நாலு வரி. நான் அலுவலகத்தில் எழுதிய எந்தக் கோப்பிலும் அந்த நேர்மை கிடையாது.

எட்டாவது ஞாயிறு தீர்ப்பு வந்தது.

"இடது பக்கம் கொஞ்சம் மிருதுவா இருக்கு. கோடு அப்படியேதான். வலது பக்கம் வெறும் ஈரப்பசை. கிளிசரினால அவ்வளவுதான் முடியும்."

"கிளி... கிளிசரினா?"

"முதல் நாளே விரல்ல பிசுபிசுன்னு ஒட்டிச்சு. இருபது வருஷமா மருந்துக்கடையில நிக்கறேங்க!"

"அப்புறம் ஏன் சண்டை போடல?"

"எதுக்கு? ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ஒரு பக்கம் மருந்தே இல்லாம இருக்கணும். அது எனக்குத் தோணல. நீங்கதான் செஞ்சு கொடுத்தீங்க. நோட்டுலகூட எழுதியிருக்கேன், 'உதவி: வீட்டுக்காரர்'னு."

நான் செய்த திருட்டு வேலையை ஆராய்ச்சியாக மாற்றிவிட்டாளே! கைதட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

"நீங்க கொட்டினதைப் புதுசா வாங்கிட்டேன்," என்றாள். "ஆனா அதுக்கு ஆழமா கோடு விழுந்த முகமா வேணும்."

சொல்லிவிட்டு என் நெற்றியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜன்னல் பக்கம் உட்காருங்க. போட்டோ எடுக்கணும். சிரிக்காதீங்க."

சிரிக்கிற நிலையிலா இருந்தேன்!