இத்தாலிக்குப் போகாத ரப்பர்

மலாயாவின் ஜோகூரிலிருந்து இத்தாலிமீது போர் தொடுத்த ஒரே மனிதர் எங்கள் அபிசீனியாதான். படை கிடையாது, துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு மூங்கில் குச்சி.

ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, சேர்ந்த வருஷம் அது, 1935. அவர் புகைவீட்டுக்காரர், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்துவது வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

மாலையில் ஆபீஸ் வாசலில் நான் பேப்பரை உரக்கப் படிப்பேன். ஆப்பிரிக்காவில் அபிசீனியா என்ற நாட்டில் செருப்பில்லாத சிப்பாய்கள்மேல் இத்தாலிக்காரன் ஏரோப்ளேனில் வந்து குண்டு போடுகிறான் என்று படித்த அன்று, இவர் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அபிசீனிய ராஜா பெயரில் அர்ச்சனை. பூசாரி நட்சத்திரம் கேட்டதற்கு, "எது ராசியான நட்சத்திரமோ அதப் போடுங்க சாமி" என்றாராம். பெயர் அன்று ஒட்டிக்கொண்டது.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். சண்டைக்கு லாரி வேண்டும், லாரிக்கு டயர் வேண்டும், டயருக்கு நம் ரப்பர் வேண்டும் என்று உற்சாகமாக விளக்கிவிட்டேன். அந்த வாரம் உலர்ந்து வந்த ஷீட்டுகளிலெல்லாம் மூங்கில் குச்சியால் கீறிய கொட்டை எழுத்து: 'இத்தாலிக்குப் போகாதே.'

தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான துரை பார்த்துவிட்டார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெரிய கிராணி வியர்த்துக்கொண்டே படித்துக் காட்டினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும், அபிசீனியாவோ பிள்ளைகுட்டிக்காரர்.

"நான் இத்தாலிக்கு விக்கிறது இல்ல. சிங்கப்பூர் ஏஜெண்டுக்குத்தான் விக்கிறது," என்றார் துரை.

"அப்ப அந்த எழுத்தால தொரைக்கு என்னங்க நட்டம்?" என்றார் அபிசீனியா, நிஜமாகவே புரியாமல்.

துரை ஒரு ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் விழுந்த ஷீட்டுக்கு விலை குறையும் என்று சொல்லலாம். ஆனால் போன சனிக்கிழமைதான் வெள்ளைக்காரர் கிளப்பில் மேசையைத் தட்டி இத்தாலியைக் காட்டுமிராண்டி என்று திட்டியிருந்தார். அவருடைய கார் டிரைவர் வழியாகத் தோட்டம் முழுக்கத் தெரியும். சண்டைச் செய்தி வந்து ரப்பர் விலை ஏறியபோது அதே துரை சீட்டியடித்ததும் தெரியும்.

கடைசியில் தீர்ப்பு: மூன்றாம் தர ஷீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், முதல் தரத்தைத் தொடக் கூடாது. அப்போது ஐரோப்பாவிலும் இதே கதைதான். வல்லரசுகள் ஜெனீவாவில் கூடி, இத்தாலிக்கு அதை விற்காதே, இதை விற்காதே என்று தடை போட்டுவிட்டு, லாரியும் ஏரோப்ளேனும் குடிக்கிற எண்ணெயை மட்டும் விட்டுவைத்தன. எங்கள் துரை ஜெனீவாவில் இருக்க வேண்டியவர். வழி தவறி ஸ்கூடாய்க்கு வந்துவிட்டார்.

சில மாதங்களில் அபிசீனிய ராஜா நாட்டை விட்டே போய்விட்டார். அன்று பேப்பரை மடித்து மேசைக்கடியில் ஒளித்தேன். பயனில்லை, டிரைவர் முந்திக்கொண்டுவிட்டான். புகைவீட்டு வாசலில் அபிசீனியா என்னை மறித்தார்.

"தோத்துட்டாங்களா தம்பி?"

"ஆமாண்ணே."

புகைவீட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு மெல்லக் கேட்டார்: "நம்ம ரப்பர் போகலல்ல?"

சிங்கப்பூரில் கப்பலேறும் சரக்கு எந்தக் கரையில் இறங்குமென்று அந்த ஏஜெண்டுக்கே தெரியாது. பேப்பர் படிக்கிறவன் என்கிற முழு கௌரவத்தோடு அடித்துச் சொன்னேன்:

"ஒரு ஷீட்டும் போகலண்ணே."