வெந்நீரம்மா கட்டிய கட்டு

கொடைக்கானல் மலையில் ஏரி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொதிக்க வைத்தவர் வெந்நீரம்மா. அவ்வளவு பெரிய அண்டா கிடைக்காததால் ஏரி தப்பித்தது.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். சொந்தப் பேர் எங்கள் பூண்டுக்காட்டு ஊரில் யாருக்கும் தெரியாது. குளிருக்கு ஒரே கம்பிளிக்குள் குடும்பமே சுருண்டு படுப்போம். ஒருவருக்குக் கட்டி வந்தால் வீட்டில் எல்லாருக்கும் வரும். சாமி குத்தம் என்போம்.

"சாமிக்கு வேற சோலி இல்லையா? சீழுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி கெடக்கு. துண்டுலயும் கம்பிளியிலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போகுது" என்று கம்பிளியைப் பிடுங்கி அண்டாவில் போடுவார். ஆள் நீளம் போன கம்பிளி முழ நீளமாகத் திரும்பி வரும்.

"ஏம்மா, ஆளையும் இப்படிச் சுருக்கிருவீங்களா?" என்றார் என் சித்தப்பா.

"கட்டி சுருங்குச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

சுருங்கித்தான் இருந்தது.

என் கல்யாணத்துக்கு அடுக்கம் ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். மேலுதட்டில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி, காய்ச்சல் வேறு. அவருடைய அத்தை அதில் பூண்டை அரைத்துப் பூசிவிட்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தாலி கட்டுற மூஞ்சி இப்படியா இருக்கும்? ஒரு பிதுக்கு, வெரசா வடிஞ்சிரும்."

கல்யாணத்துக்கு வந்த வெந்நீரம்மா பாய்ந்து அத்தை கையைப் பிடித்தார். "பிதுக்குங்க. அப்படியே பாடைக்கும் சொல்லி விட்டுருங்க. மேலுதட்டுக் கட்டிய அமுக்குனா சீழு ரத்தத்துல கலந்து மூளைக்கு ஏறிரும். ஆளு தங்காது."

கல்யாண வீட்டில் பாடையா! மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

பென்சிலின் ஊசி போட்டு, மாப்பிள்ளையின் மூக்குக்குக் கீழே வெள்ளைக் கட்டும் கட்டி, மணவறையில் அவருக்கும் அத்தைக்கும் நடுவே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார் வெந்நீரம்மா. அத்தை பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தார்: "தாலி யாருக்குடி, நம்ம பொண்ணுக்கா, இந்தம்மாவுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. ஏறப் போகிற தாலி கழுத்தில் நிலைக்குமா என்பதுதான் என் பயம்.

தாலி ஏறிய பிறகும் வெந்நீரம்மா தினமும் விடிய வெள்ளனே ஊசியோடு வந்துவிடுவார். கட்டி தானாக உடைந்து வடிந்தது. காய்ச்சல் விட்ட அன்று என்னைக் கூப்பிட்டார்.

"வாம்மா, கட்டைப் பிரிக்கப் போறேன். உன் புருஷன் மூஞ்சியப் பாரு."

வெட்கத்தில் என் புருஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெந்நீரிலேயே கிடந்து சிவந்து வெடித்திருந்த வெந்நீரம்மாவின் கைகள்தான் தெரிந்தன. முதலில் அவற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.