கைண்ட்லி அண்ணனின் கஷ்டமான நாள்

ஆட்டுக்குட்டியிடம்கூட 'கைண்ட்லி' போட்டுப் பேசிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கைண்ட்லி அண்ணன்தான். மாரண்டஹள்ளியில் அவர் வீட்டு வாசலில் நின்று என் காதால் கேட்டிருக்கிறேன். கீரைப் பாத்தியில் வாய் வைத்த ஆட்டைப் பார்த்து, குச்சியை ஓங்கிக்கொண்டே, "கைண்ட்லி கோ" என்றார். ஆடு போகவில்லை. இன்னொரு தடவை "கைண்ட்லி" சொல்லிவிட்டு அப்புறம்தான் குச்சியை வீசினார். மனிதர்களிடம் பேசும்போதே பாதிப் பேருக்கு இந்த நாகரிகம் கிடையாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கம்பெனி அடையாள அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் மனைவியே "எங்கூட்டு கைண்ட்லி" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். நான் அங்கே ஹெச்.ஆர். அலுவலகத்தில் எடுபிடிக்குக் கொஞ்சம் மேலே, ஆபீசருக்கு ரொம்பக் கீழே. அண்ணன் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். தினமும் காலையில் மாரண்டஹள்ளியில் கம்பெனி பஸ் ஏறி, ராயக்கோட்டை வழியாகத் தூங்கி வழிந்துகொண்டு போவோம்.

அந்த பிரஸ் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலேயிருந்து டன் கணக்கில் எடை இறங்கும். தகட்டை வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தகடு எது, கை எது என்று அதற்குத் தெரியாது. எங்கள் பழைய ஆபரேட்டர்கள் சிலர் கும்பிட்டால் அந்த வணக்கம் முழுசாக இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அந்த வெறி பிடித்தது. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் மெஷினுக்குள் கையை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் சூப்பர்வைசர் ஆக ஆங்கிலத்தில் இன்டர்வியூ.

"மெஷினுக்கு ஒரு வெரலுகூட குடுக்காம வெளிய வந்துரணும் தம்பி. அதுக்கு இந்த இங்கிலீசு ஒண்ணுதான் வழி" என்பார். ஆங்கிலம் படிக்க ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும். விரலைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் படித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கம்பெனியே ஒரு தடவை வகுப்பு வைத்தது. பெங்களூரிலிருந்து மீசை முளைக்காத வாத்தியார் ஒருவர் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். ஆபீசில் எதைக் கேட்டாலும் கைண்ட்லி போடு, எது நடந்தாலும் வருத்தம் தெரிவி, கெட்ட செய்தியை மட்டும் நேராகச் சொல்லாதே, முதலில் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் கெட்டது, கடைசியில் ஒரு நம்பிக்கை என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவருக்கே நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். மற்ற நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம். அண்ணன் மட்டும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கைபேசி வீடியோவில் கற்றார்.

கற்றதை முதலில் வீட்டில்தான் பழகினார். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். "உன்னோட கத்திரிக்கா நறுக்குற நேர்த்தி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது" என்று தொடங்கினார். அந்த அம்மாள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "உப்பு விசயத்துல ஒரு சின்ன முன்னேற்றம் தேவப்படுது. வரும் நாள்ல நீ சிறப்பா செய்வேன்னு நம்புறேன்."

"உப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன்! பாலக்கோடு போயி சுத்திகிட்டு வர்றீங்க" என்று உப்பு டப்பாவை அப்படியே இலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சகலையின் அப்பா இறந்த வீட்டிலும் விட்டாரா? எழவு வீட்டு வழக்கப்படி வாசலில் உட்கார்ந்திருந்த சகலையின் கையைப் பிடித்தவர், குலுக்கவும் தொடங்கிவிட்டார். "வி சின்சியர்லி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்." அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். ஓர் ஆயா அண்ணன் மனைவியிடம், "என்னாடி சொல்றான் உன் புருசன்?" என்று கேட்டார்.

"கம்பெனி பாஷைங்க ஆயா. துக்கம் விசாரிக்கிறாரு."

"அதுக்கு எதுக்குக் கையப் புடிச்சு இந்த ஆட்டு ஆட்டுறான்?"

ஆயா கேட்டது நியாயம்தான். ஆனால் அண்ணன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

இதெல்லாம் வீட்டோடு. பெரிய கூத்து பஸ்ஸில்தான். ராயக்கோட்டை தாண்டியதும் அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். இன்டர்வியூ ஒத்திகை. கேள்வி கேட்பவன் சேசுராஜ். அவனும் பிரஸ் ஆபரேட்டர்தான். கிறிஸ்தவக் குடியானவக் குடும்பம், பொட்டலம் பொட்டலமாக வேர்க்கடலை கொண்டுவந்து பஸ்ஸுக்கே கொடுப்பான். கால்மேல் கால் போட்டு, இல்லாத கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, அசல் ஹெச்.ஆர். மேனேஜர் மாதிரியே கொட்டாவி விடுவான். அண்ணனும் அவனை அந்த நேரம் மட்டும் "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

"டிஸ்க்ரைப் எ டிஃபிகல்ட் டே" என்பான் சேசுராஜ். வேலையில் உனக்கு வந்த கஷ்டமான ஒரு நாளைப் பற்றிச் சொல். எல்லா இன்டர்வியூவிலும் இந்தக் கேள்வி வரும். அண்ணனிடம் அப்படி ஒரு நாள் கைவசம் இல்லாததால் பஸ்ஸே சேர்ந்து ஒரு நாளைத் தயாரித்துக் கொடுத்திருந்தது. 'ஒன் டே, தி மெஷின் ஸ்டாப்ட்' என்று ஆரம்பிக்கும். மெஷின் நின்றுபோகும். கஸ்டமர் சரக்குக்குக் காத்திருப்பார். நான் மழை சேர்த்தேன். இன்னொருவர் கரண்ட் கட் சேர்த்தார். கஸ்டமர் போனிலேயே அழுவார் என்பது சேசுராஜின் கற்பனை. வீட்டில் கன்னடம் பேசுகிற டிரைவர் தன் பங்காகச் சரக்கு லாரியை பஞ்சர் ஆக்கினார். அத்தனையையும் சமாளித்து அண்ணன் சரக்கை அனுப்பிவைப்பார். அவர் எங்காவது தடுக்கினால் முன்சீட்டு முதல் பின்சீட்டு வரை எடுத்துக்கொடுப்போம். பஞ்சரை விட்டுவிட்டால் டிரைவருக்குப் பொறுக்காது. "ஏனப்பா கைண்ட்லி, பஞ்சர் எல்லி?" என்று, பஞ்சரை எங்கே காணோம் என்பதைக் கன்னடத்தில் கண்ணாடியில் பார்த்துக் கத்துவார். கடைசியில் எல்லாரும் கைதட்டுவோம். சேசுராஜ் எழுந்து, "யூ ஆர் செலக்டட்" என்று கை கொடுப்பான்.

நிஜ இன்டர்வியூவில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துக்கொடுக்க அங்கே பஸ் இல்லையே.

மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்திவிடும். அது அடிக்கடி நிறுத்தினால் அன்றைய கணக்கு எட்டாது என்று சேசுராஜின் மெஷினில் அதைத் துண்டித்து வைத்திருந்தார்கள். அண்ணன் பார்த்துவிட்டு ஷிஃப்ட் மேனேஜரிடம் போனார். "சார், யூ ஆர் டூயிங் குட் ஜாப். கைண்ட்லி லுக் இன்டூ தி சென்சார் மேட்டர். ஐ ஹோப் ஃபார் தி பெஸ்ட்." நல்லது, கெட்டது, நம்பிக்கை, வரிசை மாறாமல். மேனேஜர் சிரித்து, "உன் இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆயிடுச்சு கைண்ட்லி" என்று முதுகில் தட்டி அனுப்பினார். திரும்பத் திரும்பப் போனார். திரும்பத் திரும்பத் தட்டினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சேசுராஜின் வலது கை போயிற்று.

ஆம்புலன்ஸ் போன பிறகு, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். ஹெச்.ஆர். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன்தான் போனை எடுத்தார். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று எங்களில் முறையாகப் படித்தவர் அவர் ஒருவர்தானே. நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் சேசுவின் அம்மா "அல்லோ" என்றதும் அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். நல்ல வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை.

"ம்மா... சேசுக்கு கையி போயிருச்சும்மா."

போனை வைத்துவிட்டு மெஷின் ஓரத்தில் குந்தியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கைண்ட்லின்னு சொன்னேன் தம்பி. கைண்ட்லி, கைண்ட்லின்னு சொன்னேன். கெட்ட வார்த்தையில சொல்லியிருக்கணும்."

எனக்கு அந்த இடத்திலேயே வேலையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. கம்பெனி விசாரித்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடித்தது. பஸ்ஸில் ராயக்கோட்டை வந்தது, போனது. யாரும் எழவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் இன்டர்வியூ வந்தது. அண்ணன் போகமாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து சேசுராஜ் போன் போட்டான். ஸ்பீக்கரில் பஸ்ஸே கேட்டது. "ண்ணா, ஒழுங்கா போங்க. எனக்குத்தான் இப்பிடி ஆயிருச்சு, நீங்களாவது மெஷின வுட்டு வெளிய வாங்க. லாரி பஞ்சர மறந்துராதீங்க, டிரைவர் அடிப்பாரு." அவன் சிரித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அன்று ஆட்களை உள்ளே அனுப்புவது என் வேலை. அறைக்குள் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர், பிளான்ட் மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். முதல் கேள்விகளுக்கு மடமடவென்று பதில் சொன்னார். எனக்கே புல்லரித்தது. நாக்கு ஒட்டவில்லை. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று பிளான்ட் மேனேஜர் முகத்திலேயே தெரிந்தது. அப்போது அந்த அம்மையார் கேட்டார்.

"டிஸ்க்ரைப் எ டிஃபிகல்ட் டே."

"ஒன் டே, தி மெஷின் ஸ்டாப்ட்" என்று ஆரம்பித்தார் அண்ணன். நான் வாய்க்குள் மழையைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மழை வரவில்லை. அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நோ மேடம். மெஷின் டிட் நாட் ஸ்டாப்."

ஹெச்.ஆர். மேனேஜர், "ஓகே, நெக்ஸ்ட்" என்றார். அண்ணன் நெக்ஸ்டுக்குப் போகவில்லை. "சென்சார் ஆஃப். ஐ டோல்ட். மெனி டைம் ஐ டோல்ட். நோபடி லிசன். சேசுராஜ் ஹேண்ட் கான். நாட் ஹிஸ் மிஸ்டேக் மேடம்." அந்த அம்மையார் மெதுவாக, சேசுராஜ் யார் என்று கேட்டார்.

"மை ஹெச்.ஆர்., மேடம்" என்றார் அண்ணன். அப்போதுதான் அழுதார்.

எங்கள் நிஜ ஹெச்.ஆர். மேனேஜர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திருகினார். அண்ணன் எழுந்து, "தேங்க்யூ ஃபார் தி ஆப்பர்ச்சூனிட்டி" என்று முறைப்படி சொல்லிவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

அந்த வாரமே எல்லா மெஷினிலும் சென்சார் ஒழுங்காக மாட்டப்பட்டது. யார் சொல்லி, எதற்காக என்று ஒருவரும் பேசவில்லை. சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. அண்ணனை சேசுராஜ் நின்ற அதே மெஷினில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு ஷிஃப்ட் நின்றார். மறுநாள் பஸ்ஸில் ஏறவில்லை. கொஞ்ச நாளில் நானும் அந்தக் கம்பெனியை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக மாரண்டஹள்ளி போயிருந்தேன். அண்ணன் தக்காளி மண்டியில் இருக்கிறார் என்றார்கள். சாயங்காலம் ஏலம் முடிந்து, நசுங்கிய பழங்களுக்கு நடுவே கூடைகள் கிடந்தன. அண்ணன் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே கவிழ்த்த பெட்டியில், கால்மேல் கால் போட்டுச் சேசுராஜ். வலது சட்டைக் கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. இழப்பீட்டு வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்றான்.

"வா தம்பி. கைண்ட்லி டேக் யுவர் சீட்" என்று அண்ணன் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்தார்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றான் சேசுராஜ். "தெனமும் இன்டர்வியூ நடக்குது. இன்னிக்கு பேனல்ல நீங்களும் உக்காருங்க."

"எந்த வேலைக்குண்ணே இன்னும் இன்டர்வியூ?" என்றேன்.

"டச்சு வுட்டுப் போயிருமில்ல" என்றார் அண்ணன், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு.

சேசுராஜ் இல்லாத கண்ணாடியை இடது கையால் மூக்கில் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். கேள்வியை நான்தான் கேட்க வேண்டுமாம். கேட்டேன். அண்ணன் எழுந்து நின்றார்.

"ஒன் டே, தி மெஷின் ஸ்டாப்ட்."

சேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். மழை வந்தது. கரண்ட் போனது. கஸ்டமர் அழுதார். லாரி பஞ்சர் ஆனது. எங்கேயும் தடுக்காமல், யாரும் எடுத்துக்கொடுக்காமல், அண்ணன் அத்தனையையும் சமாளித்துச் சரக்கை அனுப்பிவைத்தார். நான் தட்டினேன். சேசுராஜ் இடது கையால் தொடையில் ஓங்கி ஓங்கித் தட்டினான்.

"ரிசல்ட்ட சொல்லுங்க" என்றான் என்னிடம்.

"யூ ஆர் செலக்டட், அண்ணா" என்றேன்.

அண்ணன் முறைப்படி கையை நீட்டினார். பற்றிக்கொண்டேன். தக்காளிக் காம்பு வாசனையோடு, ஒரு விரல்கூடக் குறையாத கை. குலுக்க வேண்டிய அளவு குலுக்கி முடித்த பிறகும் அதை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை.