சாட்சி இறால்

நம் நாட்டின் விஞ்ஞான வரலாறு முறையாக எழுதப்படும் நாளில், பழவேற்காடு ஏரிக்கரைக்கு அதில் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். ஒதுக்க மறந்தாலும் கவலையில்லை. அலுவலர் சம்பந்தம் தாமே எழுதி, மூன்று நகல்களில் கையெழுத்திட்டு, உரிய வழியாக அனுப்பிவைப்பார். அவர் தலைமையேற்று நடத்தும் ‘கடலோரப் புரத அளவீட்டு ஆய்வகம்’ அப்பேர்ப்பட்ட புண்ணியத் தலம். ஒரு குளிர்பெட்டி, ஒரு கருவி, ஒரு கல்வெட்டு, இரண்டு ஊழியர்கள். கல்வெட்டில் மட்டும் பதினேழு பெயர்கள்.

அந்தத் தலத்தின் படியேறாமல் பிழைப்பு நகராது என்ற நிலை நண்டுமேட்டுக் குப்பத்துச் சாமுண்டீஸ்வரிக்கு வந்தது. இருபது வருஷம் இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்து, சோறு பிசையும்போதெல்லாம் எரியும். குப்பத்துப் பெண்கள் பதினான்கு பேரைச் சேர்த்து முறுக்குப் போட ஆரம்பித்ததே, அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போகக் கூடாது என்றுதான்.

முறுக்கைத் தின்று பார்த்த சென்னைக் கம்பெனி ஒன்று, மாதாமாதம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து மூச்சுத் திணறுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே மீனவக் குப்பத்து முறுக்கில் இறால் புரதம் துளியும் இல்லை என்று ஆய்வகம் எழுதித் தர வேண்டும். ஐப்பசி முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

சோதனையை அவளுக்கு விளக்கியவள் சோபியா. அனுப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வந்துபோகும் ஆய்வக ஊழியர். சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டினாள்.

“இந்தக் குழிங்க அடியில ஆன்டிபாடி ஒட்டிக்கினு கீதுக்கா. தூண்டில்னு வெச்சுக்கோங்க. இறால் புரதம் வந்தா கப்புனு புடிச்சுக்கும். அதுக்கு மேல கலர் காட்டுற இன்னொரு ஆன்டிபாடிய வுடுவோம். மஞ்சள் எவ்ளோ ஏறுதோ, அவ்ளோ இறாலு.”

“மீனு மாட்டாதா?”

“நண்டு வேணா மாட்டும். மீனு மாட்டாது. இறால வறுத்தாலும் வேகவெச்சாலும் வுடாது. கையில ஒட்டியிருந்தாலும் காட்டிக் குடுத்துடும், சோப்பு போட்டுக் கழுவுனாத்தான் போவும்.”

“ஆளப் பாத்து மாத்திப் பேசாதா?”

“அதுக்குப் பேசவே தெரியாதுக்கா.”

சாமுண்டிக்கு அந்த ஆன்டிபாடியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அரசாங்கக் கட்டடத்துக்குள் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

ஆய்வகம் திறந்த புதிதில் குப்பத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ‘ஒப்பீட்டுக்குச் சாட்சி இறால் தேவைப்படுகிறது’ என்று அதில் கண்டிருந்தது. எவ்வளவு என்று காணவில்லை. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை அந்த ஊரில் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பொதுவாக எது வந்தாலும் பாடு போட்டுவிடுவதுதான் குப்பத்தின் தர்மம். விஞ்ஞானத்துக்கும் போட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு இரண்டு கிலோ, அதுவும் பொறுக்கியெடுத்த வெள்ளை இறால், காலை பதினோரு மணிக்குள். சம்பந்தம் மறுப்புத் தெரிவிக்கவில்லை. மக்கள் பங்கேற்பு என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

அதே செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குத்தான் மாதிரிகள் பிரிக்கப்படும். உறையைப் பிரிக்கும் அதிகாரம் அலுவலர் ஒருவருக்கே உண்டு. மதிய உணவு முடிந்து, கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி அவர் எழுந்தருளுவார். உறையைக் கிழிப்பார். முறுக்கைத் தம் திருக்கரத்தாலேயே நொறுக்கிக் குப்பியில் இடுவார். கையுறை அணிவதில்லை.

“கையுறை என்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும் அம்மா,” என்று சாமுண்டியிடமே சொன்னார். “என் கை, என் பொறுப்பு.”

முதல் சோதனையில் குழி எலுமிச்சம்பழமாக மஞ்சளித்தது.

சாமுண்டி வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாயா, வலையத் தூக்கினு அடுப்பாண்ட வராதனு எத்தினி வாட்டி சொல்றது?”

பொன்னுரங்கம் நல்ல மனிதர். வலையை எடுத்துக்கொண்டு படகிலேயே குடியேறினார். பெண்கள் எண்ணெய்ச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். இரண்டாவது சோதனையில் குழி மாம்பழமாயிற்று.

ஏரிக்கரையே ஆகாது என்று ஆரம்பாக்கத்தில் ஹைவே பக்கமாக ஓர் அறை பிடித்தார்கள். பதினான்கு பேரும் பஸ்ஸில் போய், அங்கே குளித்து, புதுப் புடவை மாற்றி, மாவு பிசைந்தார்கள். யார் வீட்டிலும் ஒரு வாரம் மீன் குழம்பு வைக்கவில்லை. மூன்றாவது சோதனையில் மஞ்சள் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. அதே நாளில் பள்ளிக்கூடத்துச் சுண்டலும் மஞ்சளானது. கோயில் விபூதியும் மஞ்சளானது. பதினைந்து நாளில் விளக்கம் தருமாறு அம்மன் பெயருக்கு ஆய்வகம் ஒரு நோட்டீஸ் அனுப்பியது. அந்த அளவுக்கு நடுநிலை.

“எப்பிடி சார், ஆரம்பாக்கத்துல இறாலு வரும்?”

“காற்றில் வந்திருக்கும் அம்மா. காற்றைக் கட்டுப்படுத்துவது எங்கள் துறையின் கீழ் வராது.”

ஐப்பசி முடிய பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சாமுண்டி ஆய்வகத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதாள். ஐஸ் தண்ணீரை நினைத்தாலே விரல் எரிந்தது. மூக்கைச் சிந்திப் போடக் குப்பைக் கூடைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடை நிறைய இறால் ஓடு. தலை இருந்தது, உடம்பு ஓடு இருந்தது, வால் மட்டும் ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் உரித்த கைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாலை இறாலிலேயே விட்டு உரிப்பது வறுவலுக்கு.

உள்ளே போய்ச் சோபியாவிடம் கேட்டாள். “ஆன்டிபாடிக்கு வாலு இன்னாத்துக்கு சோபியா?”

சோபியா குரலைத் தாழ்த்தினாள். “சாட்சிக்கு வேண்டிய புரதம் இந்தத் தட்டு வர்ற டப்பாவோடயே வந்துடுதுக்கா. மிளகு அளவு. வருசம் பூரா தாங்கும்.”

“அப்ப ரெண்டு கிலோ?”

“அத சாரு தனியா சோதிக்கிறாரு. மசாலா தடவி.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

“கைய கழுவுங்க சார்னு ஒரே ஒரு தபா சொன்னேன். உறை பிரிக்கிற அதிகாரத்துல தலையிடறேன்னு மெமோ குடுத்துட்டாரு.”

சாமுண்டிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் யோசனையும் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைப் பாடு அவள் வீட்டுடையது.

“இறால மூணு மணிக்கு மேல எடுத்துனு வா,” என்றாள் புருஷனிடம். “ஒரு நிமிசம் முந்தி வந்தியோ, படகுலயே கெட.”

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிவரை சம்பந்தம் மூன்று தடவை வாசலுக்கு வந்து ஏரியைப் பார்த்தார்.

“சாட்சி இன்னும் வரவில்லையே அம்மா.”

“வந்துனே கீது சார். காத்து எதுத்து அடிக்குது.”

காற்று அவர் துறையின் கீழ் வராததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தயிர் சாதத்தை ஸ்பூனால் நாலு வாய் தின்றுவிட்டு, துக்க வீட்டுக்காரர் மாதிரி வந்து உறையைக் கிழித்தார். ஒரு மணி நேரம் கழித்துச் சோபியா தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். முறுக்குக் குழி வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. சாமுண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் கண் கலங்கியது.

“சாட்சி வராமல் சோதனை செல்லாது,” என்றார் சம்பந்தம்.

“இதோ வந்துட்டுது சார்.” பொன்னுரங்கம் வாசலில் நின்றார், கையில் இரண்டு கிலோவோடு.

அலுவலரின் முகம் மலர்ந்தது. ஒப்பீடு செய்யாமல் கையெழுத்துப் போடுவது முறையாகாது என்று சொல்லிப் பின்னறைக்குள் போனார். ஒப்பீடு சிறிது நேரம் எண்ணெயில் சடசடவென்று கேட்டது. ஐந்து மணிக்கு வெளியே வந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழை மேசையில் பரப்பி, உள்ளங்கையால் நன்றாக நீவிவிட்டு, ‘இறால் புரதம் அறவே இல்லை’ என்பதன் கீழே கையெழுத்திட்டார். விளக்கெதிரே பிடித்தால் தாளின் ஓரத்தில் நாலு விரல் தெரிந்தது.

முறுக்கு டப்பாவும் சான்றிதழும் ஒரே பார்சலில் சென்னைக்குப் போயின. பார்சலில் வருகிற ஒவ்வொன்றையும் துடைத்தெடுத்துச் சோதிப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஐப்பசி கடைசி நாளில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சோபியாதான் படித்துக் காட்டினாள்.

‘முறுக்கில் இறால் புரதம் இல்லை. டப்பாவிலும் இல்லை. சான்றிதழில் உள்ளது. கருவி அளக்கக்கூடிய உச்ச அளவையும் தாண்டி உள்ளது. ஆர்டர் உறுதி செய்யப்படுகிறது. இனிமேல் சான்றிதழை முறுக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டாம்.’

பதினான்கு பெண்களும் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. பிறகு ஊர் கூடி, பாடு நிற்கக் கூடாது, சரக்கை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் சாமுண்டி இரண்டு கிலோ பொட்டலத்தைக் கொண்டுபோய் அலுவலர் மேசைமேல் வைத்தாள். அவர் ஆவலோடு பிரித்தார்.

“என்ன அம்மா இது? முறுக்கா?”

“இனிமே சாட்சி இதான் சார். சந்தேகமே வேணாம். துளி இறாலு இல்லைனு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறீங்க.”

அன்று முதல் சுண்டல் தெளிந்தது, விபூதி தெளிந்தது, அம்மன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை கைவிடப்பட்டது. ஏரிக்கரை உணவிலிருந்து இறால் கலப்பு அடியோடு ஒழிந்துவிட்டதாக ஆய்வகம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை ஒழித்த பெருமை முழுவதும் அலுவலர் சம்பந்தத்தின் இரண்டு கைகளையே சேரும்.