கண்ணாடித் தட்டில் வளர்ந்த என் நுரையீரலால் வந்த வினை

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

பெரம்பூரில் மனைவி மக்களோடும், பத்து நாளாகக் கூடுதலாக என் மனைவி மகளோடும் வாழ்ந்துவரும் மச்சான் எத்திராஜ் அவர்களுக்கு, தேசப்பன் கைகூப்பி எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று வேளையும் ஓட்டல் இட்லி.

உங்கள் தங்கை பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். போன வருஷம் அந்த வைரஸ் காய்ச்சலில் பச்சையம்மா மூச்சுத் திணறிப் படுத்தாளே, ஐந்து நாள் வீட்டில், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவள் பிழைத்து வந்ததும், துறைமுகத்தில் என்னோடு போட் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரிடமும் நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். "கடல் காத்து குட்ச்ச ஒடம்புடா இது. பொண்டாட்டி நெத்தியில ஈரத்துணி போட்டுகினு பக்கத்துலயே குந்தினு இருந்தேன். ஒண்ணியும் ஆவல." பச்சையம்மாவிடமும் அதே கதையைத்தான் சொன்னேன். கண் திறக்காமல் கிடந்தவளுக்கு அது யார் கை என்று என்ன தெரியும்? நம்பிவிட்டாள். அன்று முதல் வஞ்சிர மீனில் நடுத்துண்டு எனக்குத்தான், மச்சான்.

அதோடு நின்றிருக்கலாம். ஏதோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நவ்ரீன் என்று ஒரு பெண் வந்தது. ஒரே வீட்டில் ஒரே வைரஸ் ஒருவரைச் சாய்த்துவிட்டு இன்னொருவரை ஏன் விட்டுவிடுகிறது என்று பார்க்கிறார்களாம். எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்து, அதிலுள்ள செல்லைப் பச்சைப்பிள்ளைப் பருவத்துக்குத் திருப்பிவிடுவார்களாம். அதற்குப் பேர் ஸ்டெம் செல். அதிலிருந்து நுரையீரல் செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மேலே வைரஸை விட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். "அவங்ககிட்ட எவ்ளோ நெருக்கமா இருந்தீங்க ஐயா?" என்று கேட்டது. "கஞ்சி ஊட்டுனதே நான்தாம்மா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

தனி ஆளுக்கு முடிவு சொல்லும் வழக்கமில்லையாம். நான்தான் வாராவாரம் போன் போட்டு, "இன்னாம்மா, நம்ம நுரையீரல் எப்டி கீது?" என்று நச்சரித்தேன். தாங்க முடியாமல் அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, பச்சையம்மாவையும் மகள் மலரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டது.

"அம்மாவோட செல் கெட்டியா நிக்குது. உங்களோடது ரெண்டே நாள்ல மொத்தமா சுருண்டுடுச்சு. பக்கத்துலயே இருந்து நீங்க எப்படித் தப்பிச்சீங்கன்னு எங்களுக்கே புரியல. உங்களை வச்சு ஒரு கட்டுரை எழுதப் போறோம்."

கட்டுரை என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. என் புளுகை நம்பி நாளைக்கு யாருக்காவது மருந்து கொடுத்துத் தொலைத்தால்? "அந்த அஞ்சு நாளும் நான் வூட்லயே இல்லம்மா" என்று உளறிவிட்டேன். "பயந்துகினு போட்லயே படுத்துனு இருந்தேன். துணி போட்டது, கஞ்சி ஊத்துனது எல்லாம் மலருதான்."

பச்சையம்மா மலர் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி சொல்லல?"

"நைனா பாவமா பாத்துச்சும்மா."

"ஒரு வருசமா நடுத்துண்டு துன்னியேய்யா!" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். பையை எடுத்தாள், பஸ் ஏறினாள். மலரும் கூடவே போய்விட்டாள்.

மச்சான், நான் கோழைதான். ஆஸ்பத்திரி வாசல்வரை நாலு தடவை போய், உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன். அவள் போய்விடுவாளோ என்ற பயமும், எனக்கும் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து துரத்தினால் மனுஷன் எந்தப் பக்கம் ஓடுவான்? இனி என் உடம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அவளை அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தைரியத்தில் மட்டும் என்னைப் போல் ஆகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுருண்ட செல்லுக்குச் சொந்தக்காரன்,
தேசப்பன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நவ்ரீன் போன் செய்தது. தட்டுகளில் லேபிள் மாறி ஒட்டியிருந்ததாம். சுருண்டது பச்சையம்மாவுடையது, கெட்டியாக நிற்பது என்னுடையது. நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம், மச்சான்! துள்ளிக் குதித்து, "அப்ப நான் சொன்னது நெசந்தானேம்மா?" என்றேன். "ஒடம்பு விஷயத்துல நெசந்தான் ஐயா" என்றது அந்தப் பெண். "நீங்க பயப்படாம அவங்க பக்கத்துலயே இருந்திருக்கலாம்." அதற்குப் பிறகு குதிக்கவில்லை. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.