கடைசி வரிசைப் பொத்தான் போர்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தார். பல் தேய்த்தார். முகம் மழித்தார். இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டினார். பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஆறரைக்கு மனைவி குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். எட்டரைக்கு அவர் சட்டமன்றத்துக்குக் கிளம்பினார். ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின.

வாழ்க வெண்சட்டை வேந்தர்! வாழ்க கடைசி வரிசையின் காவலர், இருக்கை எண் நூற்றெண்பத்தேழின் இணையற்ற அதிபதி, முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் மூவரை மண்கவ்வ வைத்த முரட்டுத் தோளர்! சொல்லுக்கு உரிய தெய்வமே, எங்கிருந்தாலும் சற்றே இறங்கி வா. ஐந்து ஆண்டுகளில் அவையில் ஒரு சொல்லும் பேசாத ஒருவரைப் பற்றி ஆயிரம் சொல் சொல்லவேண்டியிருக்கிறது.

அவர் பூண்ட சபதம் ஒன்றே ஒன்று. அவர் தெருமுனையில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. கம்பம் ஒன்று, பலகை ஒன்று. அவற்றுக்கு மேலே வானம். அந்தத் திறந்த வானத்தின் கீழேதான், நரம்பு தேடுவதில் நிகரில்லாதவளும், மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு காலைக்கு அறுபது கைகளில் ஊசி ஏற்றி ஒருவரையும் ‘ஆ’ என்று சொல்லவிடாதவளுமான நுண்விரலாள், அவருடைய இல்லத்தரசி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடையைப் பிடித்து நின்றாள். தேர்தலின்போது வாடகை வேனின் உச்சியில் ஏறி நின்று அவர் முழங்கினார்: “என்னை அனுப்புங்க, கூரையோட வரேன்!” கூட்டத்தின் ஓரத்தில் குடையோடு நின்றவள் அதைக் கேட்டாள்.

“நெஜமாத்தான் சொன்னீங்களா?” என்று அன்று மாலை கேட்டாள்.

“சத்தியமா.”

“பாப்போம்.”

ஆயிரம் முரசுகள் அறைந்தாலும் அந்த ஒற்றைப் ‘பாப்போம்’ எழுப்பிய ஓசைக்கு ஈடாகாது. அது ஐந்து ஆண்டுகள் அவர் காதில் ஒலித்தது.

பொதுப்பணித் துறைக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: ‘இது அவையில் எழுப்பப்பட வேண்டிய பொருள்.’ ஆகவே அவையில் எழுப்பத் துணிந்தார் வெண்சட்டை வேந்தர்.

இனி போர்க்களத்தைப் பாடுவோம். கடைசி வரிசையில் ஒவ்வொரு மேசையும் இருவருக்கு உரியது. ஆளுக்கொரு ஒலிவாங்கி, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு விளக்கு. மேசை நடுவே ஒரு சிறு பலகை, அதில் அருகருகே இரண்டு பொத்தான்கள். பேச விரும்புகிறவர் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு எரியும். அவைத்தலைவர் அழைப்பார். தன் பக்கத்துப் பொத்தான் தன்னுடையது என்று நம் வேந்தர் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால், மேசைக்கு மெருகு பூசும்போது கழற்றிய பலகையைத் தச்சர் ஒருவர் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திவிட்டார் என்பதை மேசை மட்டுமே அறியும், தச்சரும் அறியமாட்டார்.

அடுத்த இருக்கையில் வீற்றிருந்தவர் யார்? அகன்ற மார்பர், ஆழ்ந்த துயிலர், மூக்கின் இரு துளைகளாலும் இரு வேறு பண் இசைக்கும் வல்லவர், குறட்டைக் கோமான்! அவர் எந்தப் பொத்தானையும் எந்நாளும் தொட்டதில்லை. அவைக்கு வந்து, அமர்ந்து, முழங்கையை ஊன்றி, கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தி உறங்கினார்.

முதல் கூட்டத்தொடரில் நம் வேந்தர் பொத்தானை அழுத்தினார். கோமானின் விளக்கு எரிந்தது. “மாண்புமிகு உறுப்பினர் பேசலாம்” என்றார் அவைத்தலைவர், கோமானைப் பார்த்து. யாரோ முதுகைத் தட்டினார்கள். கண்விழித்த கோமான், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த விவாதம் என்று ஏதும் அறியாதவராய் எழுந்து, இடி இடித்தாற்போல் முழங்கினார்: “இனியும் பொறுக்க முடியாது!” அமர்ந்தார். உறங்கினார். அவை மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. ‘சுருங்கச் சொல்லி அதிர வைத்தார்’ என்று மறுநாள் செய்தித்தாள் எழுதியது.

இவ்வாறே நாற்பத்தொரு முறை நிகழ்ந்தது. வேந்தர் அழுத்த அழுத்தக் கோமான் எழுந்தார். எழ எழ உயர்ந்தார். மூன்றாம் ஆண்டில் பொதுப்பணித் துறை அமைச்சரே ஆனார். முன்வரிசைக்கு வரச் சொன்னபோது, “இந்த சீட்டுதான் எனக்கு ராசி” என்று மறுத்துவிட்டார். தன் பகைவனைத் தன் ஆட்காட்டி விரலாலேயே அரியணை ஏற்றிய வீரர் வேறு எவருண்டு?

தம் விளக்கு எரிவதே இல்லை என்று வேந்தர் புகார் சொல்லாமல் இல்லை. மின்பணியாளர் வந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், ஒரு விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினார், இன்னொன்று எரிந்தது. “ரெண்டும் சூப்பரா இருக்கு சார். நீங்கதான் பயப்படுறீங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பதவிக்காலத்தின் கடைசி வாரத்தில் நுண்விரலாளுக்குச் சளி பிடித்தது. மூன்று நாள் விடுப்பில் வீட்டிலிருந்து, அவை நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் முதன்முறையாக முழுதாகப் பார்த்தாள். கடைசி நாள் காலையில், மறுபடி வேலைக்குக் கிளம்பும்போது, கடைச் சீட்டை அவர் சட்டைப்பையில் செருகியபடியே கேட்டாள்.

“ஏங்க, பட்டனை அழுத்த உங்க தோள் இறங்குறப்பல்லாம் அந்தாளு லைட்டு எரியுதே, கவனிச்சீங்களா?”

“எந்த ஆளு?”

“பக்கத்துல தூங்குறவரு. மூணு தடவை பாத்தேன். ரெண்டு டியூப்ல லேபிளை மாத்தி ஒட்டின மாதிரிதான். உங்க ரத்தம் அவர் பேர்ல போயிட்டிருக்கு.”

வேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அஞ்சு வருஷமாவா?”

“அஞ்சு வருஷமா.” குடையை எடுத்தாள். “இன்னைக்காவது அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்துங்க. எனக்கு நேரமாச்சு.”

கேளுங்கள், இறுதிப் போரின் கதையை! மாலை ஐந்து மணிக்கு அவை கலையும். கலைந்தால் ஐந்தாண்டும் கலைந்தது. நாலரை மணிக்கு, மறைபொருள் உணர்ந்த ஞானியின் முகத்தோடு, வேந்தர் தம் வலக்கையை மறுபக்கத்துப் பொத்தானை நோக்கிச் செலுத்தினார். அந்தோ! அந்தப் பொத்தானை மறைத்து, மலைமேல் மலை வைத்தாற்போல், கோட்டை வாயிலில் யானை படுத்தாற்போல் ஊன்றியிருந்தது அமைச்சரின் முழங்கை. பொத்தானை அழுத்தவுமில்லை, விட்டு அகலவுமில்லை. அதைச் சுற்றி அரண் போல் வளைந்து நின்றது.

கோப்பின் முனையால் நெம்பினார். முழங்கை அசையவில்லை. பேனாவின் பின்புறத்தால் சட்டைக் கைக்குள் புகுந்து கிச்சுகிச்சு மூட்டினார். கோமான் உறக்கத்திலேயே புன்னகைத்து இன்னும் ஆழ ஊன்றினார். தும்மினார், இருமினார், தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். தண்ணீர் முழங்கையைத் தீவாக்கிச் சூழ்ந்து ஓடி, வேந்தரின் மடியிலேயே வந்து விழுந்தது. அமைச்சரைத் தொட்டு எழுப்பலாமே என்பீர்கள். உறங்கும் அமைச்சரைப் பக்கத்து இருக்கைக்காரர் எழுப்பியதாக அந்த அவையின் நெடிய வரலாற்றில் ஒரு குறிப்பும் இல்லை. அந்த இழுக்கைத் தொடங்கி வைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

நாலு ஐம்பத்திரண்டு. நாலு ஐம்பத்து மூன்று. குடை பிடித்த ஓர் உருவம் அவர் கண்ணில் தோன்றியது. அது ‘பாப்போம்’ என்றது.

அப்போது, ஆம், அப்போதுதான், ஐந்தாண்டுத் தோல்வி அனைத்தும் ஒரே நொடியில் ஆயுதமாக மாறியது. சட்டைப்பையிலிருந்து கிடைத்த ஒரே தாளை உருவினார். எட்டடி தூரத்திலிருந்தும் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதினார். ஈரம் துடைத்து, கோமானின் மூக்குக்கு நேர்கீழே நகர்த்தி வைத்தார். பிறகு, நாற்பத்தொரு முறை தம்மைக் காட்டிக்கொடுத்த, தம் பக்கத்துத் துரோகப் பொத்தானை, நாற்பத்திரண்டாம் முறையாக, அன்போடு அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. “மாண்புமிகு பொதுப்பணித் துறை அமைச்சர்!” என்றார் அவைத்தலைவர்.

யாரோ முதுகைத் தட்டினார்கள். கோமான் எழுந்தார். கண்ணெதிரே தாள் இருந்தது. தாள் இருந்தால் படிக்க வேண்டும் என்பது அவர் அமைச்சரான பிறகு கற்ற ஒரே பாடம். படித்தார், மேகம் பிளந்தாற்போல்:

“மருத்துவமனைக்குச் செல்லும் வழித்தடத்தில், மூன்றாம் குறுக்குத் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துக்கு, மூன்று மாதத்துக்குள் கூரை அமைக்கப்படும் என்று இந்த அவைக்கு உறுதி அளிக்கிறேன்!”

அவை அதிர்ந்தது. அந்த ஆர்ப்பரிப்பில் உளம் பூரித்த கோமான் தாளைத் திருப்பினார். மறுபக்கத்தையும் அதே இடிக்குரலில் படித்தார்: “துணி சோப்பு இரண்டு! வெங்காயம் ஒரு கிலோ! காதுகுடையும் பஞ்சு ஒரு பாக்கெட்!”

மேசைகள் முன்னிலும் பலமாகத் தட்டப்பட்டன. எல்லாம் அவைக்குறிப்பில் ஏறியது. அவைக்குறிப்பில் ஏறியதை எந்த அரசாலும் இறக்க முடியாது. துணி சோப்பு எந்தத் துறையின்கீழ் வரும் என்று விளக்கம் கேட்கும் கடிதம் ஒன்று இன்றும் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மணி ஐந்தாயிற்று. அவை கலைந்தது. உறுப்பினர்களின் செயல்பாட்டு ஏட்டில் நம் வேந்தரின் பெயருக்கு நேரே ‘உரைகள்: இல்லை’ என்று அச்சாயிற்று. பேசாத ஆளுக்கு மறுபடி வாய்ப்பில்லை என்று கட்சியும் சொல்லிவிட்டது. ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்வு இவ்வாறு நிறைவுற்றது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்தார். பல் தேய்த்தார். போவதற்கு இடமில்லை என்பதால் மனைவியோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். தூறிக்கொண்டிருந்தது. அங்கே, நான்கு தூண்கள் தாங்க, நீலத் தகடு வேய்ந்து, எட்டுப் பேர் நனையாமல் நிற்கத்தக்க பேரெழில் கூரை எழுந்து நின்றது! அதன் நெற்றியில், முழ உயர எழுத்தில், குறட்டைக் கோமானின் பெயர் பொறித்திருந்தது.

நுண்விரலாள் கூரைக்குள் நுழைந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பெயர்ப்பலகையைப் படித்தாள். குடையை மடக்கினாள், இருமுறை உதறினாள், அவர் கையில் கொடுத்தாள். அவர் குடையோடு காத்து நின்றார். ‘வானத்தை வென்று வந்த வீரரே, உமது மௌனத்தின்முன் ஆயிரம் உரைகள் தோற்றன’ என்று காவியத் தலைவி கண்ணீர் மல்கக் கூறுவதற்கு ஏற்ற இடம் அது. காற்றும் அதற்காகச் சற்று நின்றது. பேருந்து வந்தது. படியில் ஒரு கால் வைத்து, திரும்பி, அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது:

“மாடியில துணி கெடக்கு, எடுத்து உள்ள போட்டுடுங்க.”