மிஞ்சிய இரண்டு மூட்டை

"கணக்கப்பிள்ளை! முதலாளி பண்டாரவளை ரயிலடியில இறங்கிட்டாராம்! பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்துருவாராம்!"

கடையில் மூட்டை தூக்கும் மாடசாமி போட்ட கூச்சலில் வடிவேலின் கையிலிருந்த பேனா நழுவி, பேரேட்டில் மை கொட்டியது.

பதுளைக் கடைவீதியில் அந்த அரிசிக் கடையில் வடிவேல் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். முதல் கணக்குப் பார்வை இன்றைக்கு. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி கனகத்தோடு, கொட்டுகிற மழையில் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கணக்குப்படி கிடங்கில் நாற்பது மூட்டை. எண்ணினால் நாற்பத்திரண்டு. மூன்று தடவை எண்ணிவிட்டான். மூட்டைகள் மனம் மாறவில்லை.

'குறைந்தால் திருடன். கூடினால்? கொள்முதலை எழுதத் தெரியாத முட்டாள். இரண்டுக்கும் ஒரே வாசல்தான்.'

யோசித்துவிட்டு, "ஸலீம் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிய அரிசி, இரண்டு மூட்டை, ரூபாய் இருபத்திரண்டு" என்று எழுதினான். சரக்கு ஒத்துப்போனது. ஆனால் எழுதிய பணம் கல்லாவிலேயே இருந்தது. இப்போது ரொக்கம் இருபத்திரண்டு ரூபாய் கூடுதல்!

பணத்தை மடியில் முடிந்துகொண்டு எதிர்ச்சாரிக் கடைக்கார ஸலீம் காக்காவிடம் ஓடினான்.

"காக்கா, இதை வச்சுக்கிட்டு ரெண்டு மூட்டைக்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தாங்க."

"அரிசி?"

"அரிசி வேணாம்."

"சாமான் குடுக்காம காசு வாங்குறதா? அது ஹராம் தம்பி. நீங்க போங்க, நான் கவனிச்சுக்கிறேன்" என்று ஸலீம் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

வடிவேல் நிம்மதியாகத் திரும்பி ஒரு மிடறு தேநீர் குடிப்பதற்குள், ஸலீமின் கைவண்டி வாசலில் வந்து நின்றது. நல்ல மனிதர், கவனித்துவிட்டார். இரண்டு மூட்டை இறங்கின.

கணக்கில் நாற்பத்திரண்டு. கிடங்கில் நாற்பத்துநான்கு.

மாடசாமி சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, வடிவேல் இரண்டு மூட்டைகளையும் ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து, கடைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"யாரு அரிசிங்க இது?" என்றாள் கனகம்.

"யாரோடதும் இல்ல."

"யாரோடதும் இல்லாத அரிசி நம்ம கட்டிலுக்கடியில எதுக்கு?"

"கணக்கு நேராகணும்டி. உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுதா?"

அவன் மூட்டையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

சாயங்காலம் முதலாளி வந்தார். குடையைக்கூட மடக்காமல் கிடங்குக்குள் போய் மூட்டைகளை எண்ணினார். கல்லாவை எண்ணினார். பேரேட்டைப் புரட்டினார். அவர் முகம் இருண்டுகொண்டே வந்தது.

"ஒரு மூட்டை கூடக் குறையலியா?"

"இல்லீங்க முதலாளி."

"கூடவும் இல்ல?"

"ஒரு மணி அரிசி கூடக் கூடலீங்க!" வடிவேலின் நெஞ்சு நிமிர்ந்தது.

முதலாளி பேரேட்டை மூடினார். "மாடசாமி, இவர் அறையைப் பாரு."

போன மாடசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். "கட்டிலுக்கடியில ரெண்டு மூட்டை இருக்குங்க."

"அதானே. போன கணக்கப்பிள்ளையும் இப்படித்தான் ரொம்ப நேர்த்தியா எழுதினான். விடிஞ்சா நீ இங்க இருக்கக் கூடாது."

வடிவேல் வாய் திறப்பதற்குள் முதலாளி உள்ளே போய்விட்டார்.

கனகம் சுவரைப் பார்த்தபடி சேலைகளை மடித்து வைத்தாள். தகரப் பெட்டிக்குக் கயிறு கட்ட வந்த மாடசாமியிடம் வடிவேல் கேட்டான்: "எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு மாடசாமி? சரியா இருந்தது ஒரு குத்தமா?"

மாடசாமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"என்னங்க நீங்க, நாம அரிசி அளந்து விக்கிற கொத்துக்குள்ள அடியில முதலாளி தகரம் வச்சு அடிச்சிருக்காரு, மூணு மாசத்துக்கு ரெண்டு மூட்டை தானா மிஞ்சும்னு உங்ககிட்ட யாருமே சொல்லலியா?"